வாவியைப் பார்த்த யன்னலுக்கு முன்னால் செய்தி வாசிப்பு: வெளிச்சத்தை எப்படிச் சரிக்கட்டுவது?

வாவிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு கல்லடிப் பக்கம், இரண்டாம் மாடியில் ஒரு சின்ன ஸ்டூடியோ. வாசிப்பவருக்குப் பின்னால் அச்சடித்த படமோ பச்சைத் திரையோ இல்லை, உண்மையான யன்னல். மேற்குப் பக்கம். வாவி, அக்கரையில் தென்னை, நகரத்துக் கட்டடங்கள் எல்லாம் தெரியும். இந்தக் காட்சியை விட்டுக்கொடுக்க விருப்பமில்லை.

யன்னல் 3.6 மீற்றர் அகலம், 1.5 மீற்றர் உயரம், ஒவ்வொரு 1.2 மீற்றருக்கும் ஒரு சட்டம், 5 மி.மீ. வெள்ளைக் கண்ணாடி. அறையின் ஆழம் 6 மீற்றர். மேசை யன்னலில் இருந்து 1 மீற்றர் தள்ளி. கமரா மூன்று, எல்.ஈ.டி பனல் இரண்டு (வெளிச்சத்தின் நிறம் 3200 முதல் 5600 கெல்வின்), சொஃப்ற்பொக்ஸ் ஒன்று. முகத்தில் ஏறத்தாழ 500 லக்ஸ் (விழும் வெளிச்சத்தின் அளவு) விழுகிறது.

காலை 7 மணிச் செய்தியில் பிரச்சினை குறைவு. பகல் 12.30க்கு வெளியே முழுக்க வெள்ளையாக வெந்துபோகிறது. ஐரிஸை (லென்சில் வெளிச்சம் நுழையும் துவாரம்) குறைத்தால் முகம் கறுத்துவிடுகிறது. மாலை 6 மணிக்குச் சில மாதங்களில் சூரியன் நேரே லென்சுக்குள், சில மாதங்களில் யன்னல் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. வாகனங்களுக்கு ஒட்டும் ரின்ற் ஒட்டினால் வாவி ஊதா நிறமாகத் தெரிகிறது. எவ்வளவு என்.டி (நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் வடிகட்டி) போட வேண்டும், லைற் எத்தனை கூட்ட வேண்டும் என்று கணக்கோடு யாராவது சொல்லுங்க.

நிழல்மானி

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்க. இது வெளிச்சம் கூடிப்போன பிரச்சினை இல்லை, உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான விகிதம். கமராவுக்குள் இருக்கிற என்.டி சில்லு, ஷட்டர், ஐரிஸ், கெய்ன் (மின்னணு முறையில் படத்தின் பிரகாசத்தைக் கூட்டுவது) எதைத் தொட்டாலும் முகமும் வாவியும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். விகிதத்தை மாற்றுகிற வழி இரண்டுதான்: யன்னலில் வெளிச்சத்தை வெட்டுவது, உள்ளே வெளிச்சத்தைக் கூட்டுவது.

கணக்கு இது. எங்கட ஊரில் உச்சி வெயில் கிட்டத்தட்ட 100,000 லக்ஸ். தென்னோலை, புல் போன்றவை அதில் ஐந்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும் என்று வைத்தால், கமரா பார்க்கும் பிரகாசம் சதுர மீற்றருக்கு 6,400 கண்டெலா அளவில் வரும். எங்கட தோல் நிறத்துக்கு நான்கில் ஒரு பங்கு என்று எடுங்க. முகத்தில் 1,000 லக்ஸ் விழுந்தால் 80 கண்டெலா. இடைவெளி 80 மடங்கு. இரண்டு மடங்கு கூடினால் ஒரு ஸ்டொப் என்று கணக்கு; இது ஆறு ஸ்டொப்பைத் தாண்டுகிறது. இப்போது உள்ள 500 லக்ஸில் 160 மடங்கு.

வெளிக்காட்சி முகத்தை விட ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்கு கூடப் பிரகாசமாக இருக்கலாம்; பார்க்கிறவருக்குப் பகல் என்று தெரிய அது வேணும். ஆகவே 1,000 லக்ஸில் 40 மடங்கு வெட்ட வேண்டும். என்.டி 0.3 பாதியாக்கும், 0.6 நான்கில் ஒன்று, 0.9 எட்டில் ஒன்று, 1.2 பதினாறில் ஒன்று, 1.5 முப்பத்திரண்டில் ஒன்று. வெள்ளைக் கண்ணாடி தானும் பத்தில் ஒரு பங்கைத் தின்னும். 1.5 போட்டால் வெயில் நாளில் பகல் 12.30 சரிவரும். உள்ளே 2,000 லக்ஸ் போட்டால் 1.2 போதும்தான். ஆனால் அந்த வெளிச்சத்தில் வாசிப்பவர் கண்ணைச் சுருக்குவார், அறையும் சூடாகும். 1,000 முதல் 1,200 லக்ஸ்தான் நல்லது.

என்னுடைய கணக்கை நம்பி வாங்கிவிடாதீங்க, அளந்து பாருங்க. வெளிச்சம் அளக்கும் மீற்றர் தேவையில்லை, கமராவும், படத்தின் பிரகாசத்தை 0 முதல் 100 வரை காட்டும் வேவ்ஃபோமும் போதும். வெள்ளைச் சமநிலை 5600இல், கெய்ன் 0, ஓட்டோ ஐரிஸ் நிறுத்தம். ஒருவரை மேசையில் இருத்தி, நெற்றியும் கன்னமும் வேவ்ஃபோமில் 55க்கும் 60க்கும் இடையில் வரும்வரை ஐரிஸைத் திருப்புங்க. வெள்ளைத் தோலை வைத்து எழுதின புத்தகங்கள் 70 என்று சொல்லும். எங்கட முகங்களுக்கு 70 வைத்தால் எண்ணெய் வடிகிற மாதிரி மின்னும். ஐரிஸ் எண்ணைக் குறியுங்க, எஃப் 4 என்று வைப்போம் (எண் கூடினால் துவாரம் சிறிது). பிறகு அக்கரைத் தென்னையைப் பார்த்து, அது 75 முதல் 80க்குள் இறங்கும்வரை ஐரிஸை மூடுங்க. எஃப் 4இல் இருந்து 5.6, 8, 11, 16 வரை போனால் நான்கு ஸ்டொப். 16க்கும் போதாவிட்டால் கமராவின் நான்கில்-ஒன்று சில்லைப் போட்டு, அதற்கு இரண்டு ஸ்டொப் கூட்டிக்கொள்ளுங்க. வருகிற எண்ணிக்கைதான் யன்னலில் வெட்ட வேண்டியது. காலை, பகல், மாலை, மழைநாள் என்று நான்கு தரம் அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்க.

கண்ணாடிக்கடை

ரின்ற் ஊதாவாகத் தெரிவதற்குக் காரணம் அதில் இருக்கிற சாயம். மலிவான சாயப் பேப்பர் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் வெட்டாது, வெயிலில் வெளிறும்போது இன்னும் ஊதாவுக்குப் போகும். வேறு ஆபத்தும் உண்டு. கறுப்பு ஃபில்ம் வெப்பத்தை உறிஞ்சும். மேற்கு வெயில் பட்ட நடுப்பகுதி சூடாகி, சட்டத்துக்குள் இருக்கிற விளிம்பு குளிர்ச்சியாக இருந்தால் சாதாரணக் கண்ணாடி விளிம்பில் இருந்து வெடிக்கும். ஏ.சி. காற்று நேரே கண்ணாடியில் அடித்தால் சொல்லவே வேண்டாம்.

ஒளியமைப்புக்கென்று செய்த என்.டி ஜெல் (மெல்லிய பிளாஸ்ரிக் தாள்) 1.22 மீற்றர் அகலம், 7.62 மீற்றர் நீளச் சுருளாக வரும். உங்கட சட்டம் 1.2 மீற்றருக்கு ஒன்று என்பதால் ஒட்டு நடுவில் தெரியாது, அது பெரிய வசதி. 1.5 மீற்றர் உயரத்துக்கு மூன்று துண்டு 4.5 மீற்றர், ஒரு சுருளில் ஒரு அடுக்கு முடிந்து மிச்சமும் வரும். ஒட்டும்போது கண்ணாடியைக் கழுவி, ஒரு லீற்றர் தண்ணிக்கு நாலு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து தெளித்து, ஜெல்லை மேலிருந்து விரித்து, இறப்பர் வழிப்பானால் நடுவில் இருந்து ஓரத்துக்குத் தள்ளுங்க. ஓரத்தை 3 மி.மீ. விட்டு வெட்டினால் சுருங்கி மடியாது.

ஆனால் உங்களுக்கு நான் ஒட்டச் சொல்லமாட்டேன். ஒரு நாளைக்கு மூன்று விதமான வெளிச்சத்துக்குக் கழற்றி மாட்டக்கூடிய என்.டி அக்ரிலிக் பலகைதான் சரி. 3 மி.மீ. தகடு, ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒன்று, அலுமினிய வழித்தடத்தில் சறுக்கி ஓட. அக்ரிலிக் வெப்பத்தில் மீற்றருக்கு, ஒரு பாகைக்கு 0.07 மி.மீ. நீளும், 1.5 மீற்றர் தகடு 20 பாகை சூடேறினால் 2 மி.மீ. வளரும். மேலே 3 மி.மீ. இடம் விடாவிட்டால் வயிறு தள்ளி, வாவி நெளியும். துடைக்க ஈரமான பருத்தித் துணி மட்டும். கடதாசியால் துடைத்தால் கீறல் விழும், மாலை வெயில் அதில் பட்டதும் ஒவ்வொரு கீறலும் வெள்ளிக்கம்பி மாதிரித் தெரியும்.

இன்னொன்று. சுவிச் போட்டால் மாறும் கண்ணாடி என்று ஒன்று விற்கிறார்கள். அதில் பெரும்பாலானது தெளிவில் இருந்து பால் நிறத்துக்குப் போகும் வகை. வெளிச்சத்தைக் குறைக்காது, காட்சியைத்தான் மறைக்கும். அதற்குக் காசு போடாதீங்க.

சம்மாந்துறையான்

அக்ரிலிக் விலைக்கு முன்னால் ஒரு கேள்வி. நாற்றுமேடைக்குக் கட்டுகிற கறுப்பு நிழல் வலை 50 வீதம், 75 வீதம் என்று வருகிறதே. அதை யன்னலுக்கு வெளியே இழுத்துக் கட்டினால் ஒரு ஸ்டொப், இரண்டு ஸ்டொப் கிடைக்காதா?

நிழல்மானி

கிடைக்கும் நானா, கணக்குச் சரி. 50 வீதம் ஒரு ஸ்டொப், 75 வீதம் இரண்டு. மூன்று நிபந்தனை மட்டும். கறுப்பாகவே இருக்க வேணும். பச்சை வலை வாவியையும் பச்சையாக்கும். ஒரே அடுக்குத்தான்; இரண்டு போட்டால் கண்ணும் கண்ணும் குறுக்கிட்டு அலை அலையாகக் கோலம் ஓடும். வலை ஃபோக்கஸில் இருந்து நன்றாக விலக வேண்டும், அதற்கு மேசையை யன்னலில் இருந்து 2 மீற்றருக்குக் குறையாமல் முன்னே எடுத்து, லென்சை எஃப் 4 அல்லது அதற்குக் கீழே திறந்து வையுங்க.

காற்றடித்தால் வலை ஆடும், அது படத்தில் நீர்வழிகிற மாதிரித் தெரியும். நாலு பக்கமும் சட்டத்தில் இறுக்கி அடிக்காமல் தொங்கவிட்டால் பயனில்லை. சோழகக் காலத்து மாலைக் காற்றுக்கு வலையை விட அக்ரிலிக் நம்பிக்கை. ஆனால் அளந்து பழகுவதற்கு, முதல் மாதத்துக்கு, வலை நல்ல வழி.

கல்முனைக் கமரா

மேசையை முன்னுக்கு எடுக்கச் சொன்னதை நான் இன்னும் அழுத்திச் சொல்லுவேன். 1 மீற்றரில் இருந்தால் முகத்துக்குப் போடுகிற லைற் யன்னல் சட்டத்திலும் விழும், நிழலும் விழும், பார்க்கிறவருக்கு யன்னல் ஒட்டின படமாகத் தெரியும். அறை 6 மீற்றர்; மேசை 2.2இல், கமரா 5இல் வைத்தால் கமராவுக்கும் முகத்துக்கும் 2.8 மீற்றர் கிடைக்கும். போதும்.

லைற் வாங்கும்போது வாட்டைப் பார்க்காதீங்க, 1 மீற்றரில் எத்தனை லக்ஸ் என்று அதன் தாளில் இருக்கும், அதைப் பாருங்க. வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்தால் குறையும். 2.5 மீற்றரில் 1,000 வேண்டுமென்றால் 1 மீற்றரில் 6,250 இருக்க வேணும். முன்னால் ஒரு மென்மையாக்கும் துணி போட்டால் பாதி போய்விடும், ஆகவே 12,500. உங்கட இரண்டு பனலின் தாளிலும் இந்த எண் இல்லாவிட்டால் அவை நிரப்பு வெளிச்சத்துக்குத்தான் உதவும். முதன்மைக்குப் பெரிதாக ஒன்று தேவை. அந்தத் துணி 1.2 மீற்றர் சதுரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். யன்னல் பெரிய மென்மையான வெளிச்சம். அதன் முன்னால் சின்ன, கூரான லைற் முகத்தில் விழுந்தால் இரண்டும் ஒரே அறையில் இருப்பதாகவே தோன்றாது. பின்னால் தலைமயிரில் விழுகிற ஓரவெளிச்சத்தை யன்னலே இலவசமாகத் தருகிறது, அதற்கென்று தனி லைற் வேண்டாம்.

நிறத்தைப் பற்றி: பனலை 5600இல் வையுங்க, கமராவும் 5600, பூட்டி விடுங்க. மஞ்சள் வெளிச்சம் தரும் பழைய ரங்ஸ்ரன் லைற் வைத்திருப்பவர்கள்தான் யன்னல் முழுக்கச் செம்மஞ்சள் ஜெல் போட வேண்டும். லீ 204 என்கிற ஜெல் 6500 கெல்வினை 3200க்கு இறக்கும், 207, 208 இரண்டிலும் அதோடு என்.டி.யும் சேர்ந்திருக்கும். உங்களுக்கு அது தேவையில்லை. மாரிகால முகிலில் வெளியே 6500, 7000 என்று நீலம் ஏறும்; அப்படியே விடுங்க, மழைநாள் மழைநாளாகத் தெரியட்டும். ஓட்டோ வெள்ளைச் சமநிலை போட்டால் மட்டும் ஒரு முகில் கடக்கும்போது முகத்தின் நிறமே ஓடும்.

வாவிக்கரை

மிக்க நன்றி. மேசையை இன்றே நகர்த்தலாம். மாலைதான் விளங்கவில்லை. 1.5 என்.டி போட்ட யன்னலில் 6 மணிக்கு என்ன நடக்கும்?

கல்முனைக் கமரா

கறுப்புப் பலகை வைத்த மாதிரி இருக்கும். அதனால்தான் ஒரே 1.5 தகடு வாங்காமல், 0.9 ஒன்று, 0.6 ஒன்று என்று இரண்டு வழித்தடத்தில் போடுங்க. ஒன்றுமில்லை, 0.6, 0.9, இரண்டும் சேர்த்து 1.5 என்று நான்கு படி கிடைக்கும். வெயில் பகலுக்கு இரண்டும். காலை 7 மணிக்குக் கிழக்கு வெயில் அக்கரைக்கு நேரே விழும், மேற்கு யன்னலுக்கு நாளின் மிக வடிவான நேரம் அதுதான், 0.9 போதும். மார்கழி மூட்டத்துப் பகலுக்கு 0.6. இரண்டு தகட்டுக்கும் இடையில் 20 மி.மீ. இடைவெளி விடுங்க, தொட்டுக்கொண்டால் எண்ணெய்ப் படலம் மாதிரி வளையம் வளையமாக நிறம் தெரியும்.

மாலை 6 மணி வேறு கதை. மட்டக்களப்பில் ஆடி மாத நடுவில் சூரியன் மறைவது ஏறத்தாழ 6.25க்கு. கார்த்திகை தொடக்கத்தில் 5.40க்கு. முக்கால் மணி நேர வித்தியாசம். அதாவது ஒரே 6 மணிச் செய்தி, ஜூலையில் தாழ்ந்த சூரியன் கண்ணாடிக்குள் நிற்கத் தொடங்கும், நவம்பரில் இருட்டில் தொடங்கும். ஒரு வருடத்துக்கும் ஒரே லைற் அமைப்பு என்பது இந்த நேரத்துக்கு இல்லவே இல்லை.

அதோடு எங்கட நாட்டில் அந்தி நீளாது. சூரியன் மறையும்போது 400 லக்ஸ் இருக்கும் வெளி, 22 நிமிடத்தில் மூன்று நான்கு லக்ஸுக்கு இறங்கிவிடும். கிட்டத்தட்ட ஏழு ஸ்டொப், மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டொப். குளிர்நாட்டுக் கையேடுகளில் ஆறுதலாகத் தகட்டைக் கழற்றச் சொல்வது இங்கே சரிவராது.

நிழல்மானி

அவ்வளவும் உண்மை. செய்தி ஓடும்போது தகட்டைத் தொட முடியாது, ஆகவே மாலைக்கு லைற்றைத்தான் இறக்க வேண்டும். சூரியன் மறைவதற்குக் கால் மணி நேரம் முன்பே தகடுகளைக் கழற்றி விடுங்க. உள்ளே 1,000 லக்ஸை, மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம் பாதியாக, 250 வரை டிம்மரால் இறக்குங்க. கமராக் கட்டுப்பாட்டில் இருப்பவர் அதே வேகத்தில் ஐரிஸை எஃப் 4இல் இருந்து 2 வரை திறக்க வேண்டும். இரண்டு ஸ்டொப். கெய்ன் 6 டெசிபெல் கூட்டி, லைற்றை 125க்கு இறக்கினால் இன்னொன்று. முகம் படத்தில் மாறாது, வெளியே மூன்று ஸ்டொப் உயிர் பிடிக்கும். ஒன்பது, பத்து நிமிட நீலநேரம் கிடைக்கும், அதற்குப் பிறகு அக்கரை விளக்குகள்தான் காட்சி. லைற் இறக்குபவரும் ஐரிஸ் திறப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் பிசகு குறைவு.

ஜூலையில் சூரியன் கண்ணாடிக்குள் நிற்கும்போது எந்த என்.டி.யும் உதவாது. சூரியன் ஆனி மாதத்தில் நேர்மேற்கில் இருந்து 23 பாகைக்கு மேல் வடக்கே தள்ளி மறையும், மார்கழியில் அதே அளவு தெற்கே, பங்குனியிலும் புரட்டாதியிலும் நேர்மேற்கில். நடுக் கமராவை நேரே வைக்காமல், ஆனி, ஆடியில் தென்மேற்கைப் பார்க்கவும், மார்கழியில் வடமேற்கைப் பார்க்கவும் மேசையோடு சேர்த்து 30 பாகை திருப்புங்க. தரையில் இரண்டு நிறத்தில் ரேப் ஒட்டிக் குறித்துவிட்டால் பத்து நிமிட வேலை.

வடக்கு யன்னல் வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு சொல். வடக்கு வெளிச்சம் மாறாது என்று ஐரோப்பியக் கையேடுகள் சொல்லும். நாங்கள் 7.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறோம். சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன்னிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை எங்களுக்கு நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம். அந்த யன்னலிலும் வெயில் வரும்.

சம்மாந்துறையான்

லென்சில் போலரைசர் (பளபளப்பை வெட்டும் வடிகட்டி) போட்டால் வாவித் தகதகப்பும் கண்ணாடியில் தெரிகிற நிழலும் (பிரதிபலிப்பு) இரண்டும் போகும் என்கிறார்களே?

நிழல்மானி

தண்ணீர்த் தகதகப்பு ஓரளவு போகும், ஒன்றரை ஸ்டொப் விலையாகக் கொடுக்க வேண்டும். கண்ணாடி நிழல் கமரா சரிவாகப் பார்க்கும்போது குறையும். நேர்க்குத்தாகப் பார்க்கிற நடுக் கமராவில் ஒன்றும் மாறாது. அத்தோடு மேசையில் எல்.சி.டி மொனிற்றர் இருந்தால் அது கறுப்பாகிவிடலாம். யன்னல் பதப்படுத்திய கண்ணாடியாக இருந்தால் அதற்குள் இருக்கிற இறுக்கம் புள்ளி புள்ளியாகப் படத்தில் தெரியும். வாங்கும் முன் இரவல் எடுத்துப் போட்டுப் பாருங்க.

இருட்டின பிறகு வரும் நிழலுக்கு வேலை அறைக்குள்தான். ஒரு கண்ணாடி இரண்டு முகத்தாலும் சேர்த்து 8 வீதம் திருப்பி அனுப்பும். வெளியே இருட்டானால் அந்த 8 வீதமே படமாகும். தகட்டைக் கழற்றாமல் விட்டால் இன்னும் மோசம், வெளிக்காட்சி குறையும், நிழல் அப்படியே நிற்கும். புதிதாகச் சட்டம் போடுகிறவர்கள் கண்ணாடியின் மேல்விளிம்பை அறைக்குள் 5 பாகை சாய்த்தால் நிழல் 10 பாகை கீழே போகும். 4 மீற்றர் தள்ளி நிற்கிற கமராவுக்கு அது 70 சென்ரிமீற்றர் இறக்கம். 8 பாகை என்றால் ஒரு மீற்றருக்கு மேல், கமரா தன்னைத் தானே பார்க்காது. கீழே கறுப்புக் கம்பளம் விரிக்க வேண்டும். மேல்விளிம்பை வெளியே சாய்த்தால் கூரை லைற் எல்லாம் உள்ளே வந்துவிடும், அந்தப் பிழையைச் செய்துவிடாதீங்க.

சாய்க்க முடியாத உங்கட யன்னலுக்கு: கமராக்களுக்குப் பின்னால் சுவர் முழுக்க மினுக்கமில்லாத கறுப்புத் துணி, கமராவில் இருப்பவர்களுக்குக் கறுப்புச் சட்டை, ஓட்டோகியூவுக்கு (வாசிப்பவர் பார்த்து வாசிக்கும் திரை) கறுப்பு மூடி, கமராவின் சிவப்பு விளக்குக்கு மேல் ஒரு துண்டு ரேப். எந்த லைற் தெரிகிறது என்று பிடிக்க, இருட்டறையில் கமரா இடத்தில் கண்ணை வைத்து, ஒவ்வொரு லைற்றாகப் போட்டுப் பாருங்க. தெரிகிறதை மேலே தூக்குங்க அல்லது பக்கத்துக்குத் தள்ளுங்க.

வயர்மேன்

லைற் கூட்டுகிறபோது ஒன்று. எங்கட மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கமரா 25 பிரேம், ஷட்டர் 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்று. 60இல் ஒன்று போட்டால் மலிவு எல்.ஈ.டி.யில் பட்டை பட்டையாக ஓடும். நிழல்மானி அண்ணன் சொன்ன மாதிரி கீழே இறக்கும்போது சில பனல்கள் துடிப்பை வைத்தே வெளிச்சத்தைக் குறைப்பவை. 10 வீதத்தில் பட்டை தெரிந்தால் பனலை நிறைய இறக்காமல் முன்னால் இன்னொரு துணி போடுங்க. ஜெனரேற்றரில் ஓடும்போது அதிர்வெண் அலைந்து அதே பட்டை வரும், லைற்றுகளைக் கரண்ட் இருக்கும்போதும் மின்னோட்டத்தை மாற்றியே தருகிற ஒன்லைன் வகை யூ.பி.எஸ் வழியாகக் கொடுங்க. செய்தி நடுவில் கரண்ட் போனால் பகலில் முகம் உடனே கறுப்பு உருவமாகிவிடும், வெளியே மட்டும் தெரியும். முதன்மை லைற் ஒன்றாவது யூ.பி.எஸ்.இல் இருக்கட்டும்.

வாவிக்கரை

0.9, 0.6 தகடு இரண்டு தொகுதிக்கும் விலை கேட்கிறேன், அதுவரை நானா சொன்ன 75 வீத வலை. கடைசியாக ஒன்று: காலையில் சில நாள் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வேர்க்கிறது, அக்கரையே தெரியாது. துடைத்தாலும் திரும்ப வருகிறது.

கண்ணாடிக்கடை

உள்ளே ஏ.சி. 20, 21இல் ஓடுகிறது போல. வாவிக் காற்றில் ஈரம் அதிகம். கண்ணாடி குளிர்ந்து அந்தக் காற்றின் பனிநிலைக்கு (ஈரம் துளியாகப் படியும் வெப்பநிலை) கீழே போனால் வெளிப்பக்கம் வேர்க்கத்தான் செய்யும். எல்.ஈ.டி லைற்றுக்கு 25, 26 பாகை தாராளமாகப் போதும். காற்றுத் தடுப்பியைக் கண்ணாடியை விட்டுத் திருப்பி விடுங்க. காலைச் செய்திக்கு அரை மணி நேரம் முன்பு வெளியே ஒரு மின்விசிறியைக் கண்ணாடியைப் பார்த்து ஓடவிட்டால் படிந்ததும் காய்ந்துவிடும்.

அதைத் துடைக்கிறபோது நல்ல தண்ணீரால் கழுவியே துடைக்க வேண்டும். கல்லடியில் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். உப்பு தினமும் படியும். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்போடு ஒட்டியிருக்கிற மணல் கண்ணாடியைக் கீறும். கழுவாமல் விட்டால் மாலை வெயிலில் யன்னல் முழுக்கப் புகை மூடின மாதிரி வெளுக்கும், அதை லைற்றால் சரிக்கட்ட முடியாது. வெளிப்பக்கத்துக்கு ஒரு குழாய் இழுத்து வையுங்க, வாரத்துக்கு இரண்டு தரம்.